ஒரே வயர் வந்துவிட்டதாம்

புது போனில் கேமரா எப்படி என்று இதுவரை பத்துப் பேர் கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் பெட்டி.

பிரித்தால் போன், ஒரு வயர், சிம் குத்தும் ஊசி, எறும்பு எழுத்தில் ஒரு காகிதம். சார்ஜரைக் காணோம். கடைக்குப் போன் போட்டால், “சார்ஜர் தனி சார். சுற்றுச்சூழலுக்காகக் கம்பெனியே எடுத்துட்டாங்க” என்கிறான் பையன். விலை 1,500 ரூபாயாம். சுற்றுச்சூழலின் மேல் இவ்வளவு அக்கறை உள்ளவர்கள் போன் விலையிலும் கொஞ்சம் எடுத்திருக்கலாம்.

2020இல் ஐபோன் 12 வந்தபோது ஆப்பிள் ஆரம்பித்துவைத்தது. அதைக் கேலி செய்த சாம்சங், அடுத்த ஜனவரியிலேயே தன் எஸ்21ஐச் சார்ஜர் இல்லாமல் இறக்கியது. ‘உங்கள் வீட்டில்தான் பழைய சார்ஜர் இருக்குமே’ என்பது இவர்கள் வாதம்.

இருக்கிறது. ஒரு தாம்பூலப் பை நிறைய இருக்கிறது. பையில் மணமக்கள் பெயர் அழிந்துவிட்டது. அவர்கள் பிள்ளையே காலேஜுக்குப் போகிறான். உள்ளே நோக்கியா ஒல்லிப்பின் சார்ஜர் மூன்று, குண்டுப்பின் ஒன்று. மைக்ரோ யூஎஸ்பி பதினொன்று; அதில் இரண்டு, கீழே பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகினால் மட்டும் வேலை செய்யும். செத்துப்போன டிவிடி பிளேயரின் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர். இரண்டு பக்கமும் திருகு வைத்த நீலத்தலை மானிட்டர் வயர். பிரிண்டர் போய், அதன் சதுரமூக்கு வயர் மட்டும் இருக்கிறது. ஐபாடின் பட்டை வயர் ஒன்று. இந்த வீட்டில் யாரும் ஐபாட் வாங்கியதே இல்லை. ஒன்றை இழுத்தால் மொத்தமும் இடியாப்பமாக எழுந்து வரும். ஒவ்வொரு போகிக்கும் பை வாசல்வரை போகும். “ஏங்க, இந்த வருஷமாவது?” என்பாள் மனைவி. “என்றைக்காவது வேண்டியிருக்கும்” என்று உள்ளே கொண்டுவந்துவிடுவேன்.

அந்த என்றைக்காவது போன வாரம் வந்தது. பையைக் கவிழ்த்தேன். புது வயருக்கு இரண்டு பக்கமும் டைப் சி. பழைய சார்ஜர் ஒன்றில்கூட அந்த ஓட்டை இல்லை. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் புது போன் எல்லாவற்றுக்கும் டைப் சிதான் என்று சட்டம் வந்தபோது, அந்தச் செய்தியை அவளிடம் சத்தமாக வாசித்துக் காட்டியவன் நான். இனி உலகத்துக்கே ஒரே வயர் என்றேன். வாய்தான் ஒன்று. ஒரு டைப் சி வயர் 60 வாட் தாங்கும், இன்னொன்று 240. ஒன்றில் படம் போகும், ஒன்றில் போகாது. பார்த்தால் எல்லாம் ஒரே ஜாடை. பெயராவது ஒழுங்கா? யூஎஸ்பி 3.0, பிறகு 3.1 ஜென் 1 ஆனது, பிறகு 3.2 ஜென் 1 ஆனது. வேகம் அதே 5 கிகாபிட். எண் ஜோசியம் பார்த்து கெசட்டில் பெயர் மாற்றுகிறவர்கூட ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்வார்.

கடைசியில் 1,500 கொடுத்து வாங்கிவிட்டேன். கேமராவைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். நோக்கியா ஒல்லிப்பின் சார்ஜர் யாருக்காவது வேண்டுமென்றால் போகிக்குள் சொல்லுங்கள். மூன்றில் இரண்டு தருகிறேன்.