அப்பாவுக்கு ஒரு தலையணை

திருவண்ணாமலை என்றதும் தீபத்துக்கும் கிரிவலத்துக்கும் கிளம்பிவிடாதீர்கள். நான் சொல்வது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் நிற்கிற திருவண்ணாமலை. தென் திருப்பதி என்று எங்களவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மொட்டைத் தலைகளும் துளசி மாலைகளுமாக நிரம்பி வழிந்துவிட்டு, மற்ற நாட்களில் குரங்குகளுக்கும் எங்களைப் போன்ற பையன்களுக்குமாக விடப்பட்டிருந்த மலை அது. அதன் அடிவாரத்தில் வளர்ந்த என்னிடம்தான் போன ஜூனில் பேத்தி கேட்டாள்: "ஃபாதர்ஸ் டேக்கு நீங்க உங்க அப்பாவுக்கு என்ன செஞ்சு குடுத்தீங்க தாத்தா?"

அப்படி ஒரு நாள் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஸ்போகேன் என்ற ஊரில், தாயில்லாமல் ஆறு பிள்ளைகளை வளர்த்த தன் தகப்பனாரை நினைத்து சொனோரா ஸ்மார்ட் டாட் என்ற பெண்மணி 1910இல் அதைத் தொடங்கினாராம். அந்த நாட்டு அரசாங்கமே அதை நிரந்தரமாக ஏற்றுக்கொள்ள 1972 ஆகிவிட்டது என்றால், மலையடிவாரத்துக்கு வந்து சேர இன்னும் கொஞ்சம் பிந்தியதில் குற்றமில்லை. ஆனால் அப்பாவுக்கு நாங்கள் செய்து கொடுத்தவை ஏராளம். அவற்றுக்குப் பரிசு என்ற பெயர்தான் இருந்ததில்லை.

1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையத்தில் மில்லைத் தொடங்கி, அதன் பின்னால் ஒவ்வொன்றாக மில்கள் முளைக்க முளைக்க, சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களின் பொழுது சூரியனை விட்டு ஷிப்டுக்கு மாறிப்போனது. எங்கள் அப்பாவும் ராத்திரி ஷிப்டு முடிந்து, புருவத்திலும் மீசையிலும் பஞ்சுத் துணுக்கோடு காலையில் வந்து இறங்கி, ஊரே கண் விழித்துச் சத்தம் போடுகிற நேரத்தில் தூங்கப் பார்ப்பார். ராத்திரி முழுக்கப் பஞ்சுக்கு நடுவே நின்றுவிட்டு வந்த மனிதர் தலைக்கு வைத்துக்கொண்டது ஒரு மணைப்பலகையும் அதன்மேல் மடித்துப் போட்ட துண்டும். இந்த அநியாயத்தை முதலில் கவனித்தது அக்காதான்.

வெயில் ஏறி இலவங்காய் வெடிக்கிற காலத்தில், செண்பகத்தோப்புப் பக்கம் போய் மடி நிறையப் பொறுக்கி வந்தோம். விதையைப் பிரிக்கிறேன் பேர்வழி என்று வீடெல்லாம் பஞ்சைப் பறக்கவிட்டு, ஆச்சியிடம் திட்டும் வாங்கி, காடாத் துணியில் உறை தைத்து, ஒருவழியாகத் தலையணை என்று சொல்லத்தக்க ஒன்றை அப்பாவின் பாயில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். அப்பா படுத்தார், புரண்டார், எழுந்து உட்கார்ந்து அதை அமுக்கிப் பார்த்தார். "யாருளா இதுக்குள்ள மிளக அள்ளிப் போட்டது?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டுவிட்டு மறுபடி படுத்துத் தூங்கிவிட்டார். நன்றியுரை அவ்வளவுதான். ஆனால் மணைப்பலகை அன்றோடு சமையல்கட்டுக்குத் திரும்பியது.

பிறகு மற்றவையும் வந்தன. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்துவைத்து, கோணி ஊசியால் துளையிட்டு, சணல் கோத்து நான் செய்த கணக்கு நோட்டில், ஒரு பக்கம் ராகு காலமும் எமகண்டமும் இருக்க, மறுபக்கத்தில் அப்பா பால் கணக்கும் கைமாற்றுக் கணக்கும் எழுதினார். சிவகாசி பக்கத்தில் இருந்ததால் காலண்டருக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. அக்கா நெல்லிக்காய் முடிச்சு போட்டுப் பின்னிய வயர் கூடை, அவருடைய தூக்குச்சட்டியோடு ஷிப்டு ஷிப்டாக மில்லுக்குப் போய் வந்தது. பனையோலையைப் பாயின் அடியில் அமுக்கிக் காயவைத்து, ஓரத்துக்குப் பழைய சேலைக் கரையைத் தைத்த விசிறி, கரண்ட் போன மத்தியானங்களில் அவர் தூக்கத்தைக் காப்பாற்றியது. விசிறுகிற வேலையும் சேர்த்து எங்கள் தலையில்தான் விழுந்தது என்பது வேறு விஷயம்.

இப்போது பேத்தி வீட்டுக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமையே கொண்டாட்டம், ஏனென்றால் ஞாயிறு விடுமுறை. கையால் செய்த வாழ்த்து மடல் கட்டாயம். வியாழன் ராத்திரி பத்து மணிக்கு இந்தச் செய்தி வெளியானதும் என் மகன் பைக்கை எடுத்துக்கொண்டு சார்ட் பேப்பருக்கும் மினுமினுப்புத் தூளுக்கும் கடை கடையாக அலைந்தான். பேத்தி ஹோம்வொர்க் முடித்துத் தூங்கிப்போக, அவனே வெட்டி, அவனே ஒட்டி, 'உலகத்திலேயே சிறந்த அப்பா' என்று தன் கையாலேயே எழுதி, எழுத்து குழந்தை எழுதியது மாதிரி இல்லையே என்று கிழித்துவிட்டு, இடது கையால் மறுபடி எழுதினான். மறுநாள் அதை மகள் கையிலிருந்து வாங்கும்போது அவன் காட்டிய ஆச்சரியத்துக்கு தேசிய விருதே கொடுக்கலாம். போட்டோ உடனே ஸ்டேட்டஸில் ஏறியது. மடல் ஃபிரிட்ஜின் மேல் ஏறியது.

சிரித்தேன், பிறகுதான் உறைத்தது, இது எங்கள் ஊர் வழக்கந்தானே என்று. நந்தவனத்தில் பூப்பறித்துப் பெரியாழ்வார் மாலை கட்டினார், மகள் சூடிப் பார்த்தாள், பெருமாளுக்கு அந்த மாலைதான் வேண்டியிருந்தது. திருப்பதி பிரம்மோற்சவத்துக்கு இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை போகிறது. தகப்பன் கட்டுவதும், மகளின் கை பட்டதும் அதற்கு மதிப்பு கூடுவதும் இந்த மண்ணுக்குப் புதிதா என்ன?

பேத்தி அந்த மடலை நீட்டியபோது, "அப்பா, உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று ஊர் கேட்கச் சொன்னாள். எங்கள் காலத்தில் அதைச் சொல்லியிருந்தால் அப்பா நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்திருப்பார். இந்த விஷயத்தில் நாடு முன்னேறித்தான் இருக்கிறது. எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கே 2019இல் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள். அப்பாக்களுக்கு வருஷத்தில் ஒரு ஞாயிறு கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான். பலகையில் தலைவைத்துப் படுப்பதைப் பார்த்ததால் எங்களுக்குத் தலையணை தோன்றியது. ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் மடலைச் செய்ய அப்பாவைப் பார்க்கவே வேண்டியதில்லை. ஆகவே, பெற்றோர்களே, வருகிற ஜூன் மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின வாரம் சார்ட் பேப்பர் வாங்க ஓடாமல், பிள்ளையிடம் அப்பாவைக் கொஞ்சம் கவனிக்கச் சொல்லுங்கள்: எந்தச் சட்டையில் பட்டன் இல்லை, கண்ணாடியை எங்கே வைத்துவிட்டுத் தேடுகிறார், எத்தனை மணிக்குப் படுக்கிறார். என்ன செய்வது என்பது தானாகத் தோன்றும். கோணலாக இருந்தாலும் வாங்கி உபயோகியுங்கள். தலையணையாக இருந்தால் மட்டும், விதையைச் சரியாக எடுக்கச் சொல்லுங்கள்.