வாசலில் காகிதப்பூ

புது வீடு கட்டினால் வாசலில் முருங்கை கூடாதாம். வேதாளம் ஏறும், கம்பளிப்பூச்சி இறங்கும். பூச்சி நிஜம்தான். வேதாளத்துக்கு இன்றைய வாடகை கட்டுப்படியாகுமா என்பது சந்தேகம். எனவே அந்த இடம் காகிதப்பூவுக்கு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவரின் பெயரை ஆங்கிலத்தில் தாங்கியது. நாம் மயங்கும் அந்த ரோஸ் நிறம் பூவே அல்ல, நிறம் மாறிய இலை. நிஜப் பூ நடுவே வெள்ளையாகச் சின்னஞ்சிறிதாய் ஒளிந்திருக்கும். முள் மட்டும் தாராளம். சாமிக்கும் ஆகாது, சாம்பாருக்கும் ஆகாது.

பெரியகுளம் தந்த பி.கே.எம்.1 முருங்கையோ விதைத்த ஆறேழு மாதத்தில் காய்க்கும். அதை வெட்டிவிட்டு, முருங்கைக்கீரைப் பொடியை ஆன்லைனில் டப்பாவாக வாங்கி வெந்நீரில் கலக்குகிறோம். காகிதப்பூவுக்குத் தண்ணீர் விட மறந்தால் கவலைப்படாதீர்கள். கொஞ்சம் காயப்போட்டால்தான் அது நன்றாகப் பூக்கும்.