சேற்றுக்கும் ஒரு வழி

மே 5. கத்திரி பிறந்த மறுநாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் தூறல் போட்டது. ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்த மாமியாரின் உச்சந்தலையில்தான் முதல் சொட்டு. "மாப்பிள்ளை, வீட்டுக்குள்ள மழை பெய்யிது" என்றார். புதுக்கோட்டைக்காரர்களுக்கு மழை என்றாலே சந்தோஷம்தான். அவர் குரலில் அது இல்லை.

எங்கள் வீட்டுத் தண்ணீருக்குப் பிடிவாதம் அதிகம். வரவேண்டிய இடத்தில் வராது. வரக்கூடாத இடத்தில் நிற்காது. ஷவரில் 30 துளை. தண்ணீர் வருவது நான்கில். அதிலும் இரண்டு சுவரைக் குளிப்பாட்டும். மீதியைப் போர் தண்ணீரின் உப்பு அடைத்துவிட்டது.

ஏசிக்கு முன்னால் ஏர்கூலர் இருந்தது. தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், அதனால் குளிரும். ஆனால் உப்பை நம்மிடமே விட்டுவிட்டுப் போகும். இரண்டே கோடையில் கூலரின் தேன்கூட்டு அட்டை சித்தன்னவாசல் பாறையாகிவிட்டது. ஓவியம் மட்டும்தான் பாக்கி.

ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "அண்ணே, கீரனூர்ல நிக்கிறேன். அரை மணி நேரத்துல வந்துர்றேன்." மறுநாள் திருமயத்தில் நின்றார். அதற்கு மறுநாள் அறந்தாங்கி. மூன்று நாளில் மாவட்டத்தையே வலம் வந்துவிட்டார், எங்கள் தெருவைத் தவிர.

நானே ஏணி போட்டேன். ஃபில்டரில் தூசி போர்வை கனத்துக்குப் படிந்திருந்தது. அந்தத் தூசிதான் ஈரத்தோடு சேர்ந்து கூழாகி, வடிகுழாயை அடைத்திருக்க வேண்டும். வெளியே போய்க் குழாயின் நுனியை வாயில் வைத்து ஊதினேன். குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டே உள்ள மாவட்டம். நான் ஊதியதில் ஏழு சுரத்தில் ஒன்றுகூட எழவில்லை. எட்டாவதாக மாமியாரின் குரல்தான் எழுந்தது. உள்ளே ஓடிப் பார்த்தால், சுவரெல்லாம் பச்சைப் புள்ளிகள். மாமியார் மேலும்.

"அழுக்கு வெளியே போகணும்னா வெளியே இருந்தா ஊதுவாங்க?" என்றார் மனைவி. ஏணியில் ஏறி, ஏசிக்குள் இருக்கும் தட்டில் ஒரு சொம்பு தண்ணீரை மெல்ல ஊற்றினார். என்னைக் குழாயைத் தட்டச் சொன்னார். கொழகொழவென்று ஒரு கட்டி விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் சரசரவென்று வாளியில் இறங்கியது. காற்றின் ஈரம் குளிர்ந்து வடியும் தண்ணீர், உப்பே இல்லை. எங்கள் வீட்டில் சோப்பு ஒழுங்காக நுரைப்பது அதில் மட்டும்தான்.

எங்கள் பக்கத்துப் பழைய கண்மாய்களில் குமிழித் தூம்பு என்று ஒன்று உண்டு. தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் தெரியும். அவற்றுக்குக் கீழே கல்தொட்டி. மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளைகள். ஆள் முங்கிப்போய் அடைப்பைத் தூக்கினால், தண்ணீரோடு வண்டலும் வயலுக்குப் போய்விடும். அந்தக் காலத்து ஆட்கள் தண்ணீருக்கு வழிவிடும்போதே சேற்றுக்கும் வழிவிட்டார்கள். நான் ஏசியின் மாதத் தவணைக்கு வழி பண்ணினேன். ஃபில்டரைக் கழுவ வழி பண்ணவில்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. "அண்ணே, தெருமுனைக்கு வந்துட்டேன். எந்த வீடு?"

சரியாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். மாமியார் முந்திக்கொண்டார்: "வரச் சொல்லுங்க மாப்பிள்ளை. சுவத்தைத் துடைக்க ஆள் வேணும்."