மண்டிப் படப் பெண்டிர் இலக்கணம்

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளிலும் வெள்ளிப் பட்டறைகளிலும் சுவரில் தொங்கும் பெண்டிர் மூவகையர்: நிற்போள், இருப்போள், ஏந்துவோள். இது முதல் சூத்திரம். உரை வருமாறு.

நிற்போள், தாமரைமேல் நிற்கும் லட்சுமி. கல்லாப்பெட்டிக்கு நேர் மேலே இருப்பாள். 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் கடை கடையாகப் புகுந்தவள். பின்னர் கோவில்பட்டி கொண்டையராஜுவின் தூரிகையிலும் சிவகாசி அச்சிலும் தமிழ் முகம் பெற்றாள். இருப்போள் வீணைக்காரி சரஸ்வதி. ஆண்டுக்கொரு முறை பொரிகடலை, அவ்வளவே.

ஏந்துவோளிடம்தான் புலவர் வழுக்குவர். கையில் விளக்கு, விரலிடுக்கில் ஒளி கசியும் அந்தப் பெண்ணை ரவிவர்மா படம் என்று எந்தக் கடையிலும் சத்தியம் செய்வார்கள். வரைந்தவர் ஹல்தங்கர், 1940களில், நீர்வண்ணத்தில், தம் மகளை நிற்கவைத்து. மூலப்படம் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில். ரவிவர்மாவோ 1906இலேயே காலமானவர். ஆக, இது ஆசிரியர் மயக்கம். இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு: விளக்கு எரிகிறது, ஆனால் அந்த வெளிச்சத்தில் ஒரு வேலையும் நடக்கவில்லை.

இங்கே நான்காம் வகை தேவைப்படுகிறது: எழுவோள். இவள் யூதர்களின் இலட்சியப் பெண். விவிலியத்தின் நீதிமொழிகள் நூலில், 31ஆம் அதிகாரத்தின் கடைசி 22 வசனங்களில் இருக்கிறாள். எபிரேய எழுத்து 22க்கும் வரிசையாக ஒரு வசனம், நம் ஆத்திசூடி அகரவரிசை பிடிப்பதுபோல. வெள்ளி இரவு, ஓய்வுநாள் விருந்துக்கு முன் யூத வீடுகளில் இதைப் பாடுவார்கள். விடியுமுன் எழுகிறாள், நிலத்தை விசாரித்து வாங்குகிறாள், திராட்சை நடுகிறாள், நூற்கிறாள், நெய்த கச்சைகளை வியாபாரிக்கு விற்கிறாள். இரவிலும் அவள் விளக்கு அணைவதில்லை, காரணம் வேலை. கணவருக்கு இரண்டே வேலை: ஊர் வாசலில் பெரியவர்களோடு உட்கார்வது, மனைவியைப் புகழ்வது. நம் மண்டித் திண்ணைகளில் முதலாவதற்கு ஆள் பஞ்சமில்லை.

இவளை வரையப் புகும் ஓவியர் முகத்தழகில் நின்றால் தோற்றார். அந்தப் பாட்டே அழகை நம்பாதே என்கிறது. கதிரும் கொடியும் கணக்கும் தெரிந்த கைகள் வேண்டும்.

எழுவோளுக்கு இவ்வூரில் உதாரணம் தேட வேண்டியதில்லை. சேலம் கொலுசில் வளையம் கோர்ப்பதும் முத்துப் பற்றவைப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. அடுப்பு வேலை முடித்து, பிள்ளைகள் தூங்கியபின் குனிந்து உட்காருகிறார்கள். கொலுசுக்குப் படம் உண்டு, கொலுசணிந்த காலுக்கும் உண்டு. கோர்த்த கைக்கு இல்லை. மூவகையோடு இலக்கணத்தை முடித்துவிட்ட பண்டிதர்களை என்ன சொல்ல?

வெள்ளிக்கடை முதலாளிகளே, அடுத்த தை காலண்டருக்கு சிவகாசியில் ஆர்டர் கொடுக்கும்போது, பன்னிரண்டு தாளில் ஒரு தாளையாவது அந்தக் கைக்கு ஒதுக்குங்கள். கூலியையும் அப்படியே கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள்.