நிர்வாக நலன் கருதி

செஞ்சிக் கோட்டையை வீரத்துக்கு அடையாளமாகக் காட்டுவது வழக்கம். எனக்கென்னவோ, கையில் மாறுதல் உத்தரவோடு நிற்பவர்கள் ஒருதரம் சுற்றிப் பார்க்கவேண்டிய இடம் என்றே படுகிறது. 1714இல் தகப்பனார் இறந்ததும், தில்லியிலிருந்து புது உத்தரவு வாங்காமலே தேசிங்கு கோட்டைப் பொறுப்பில் அமர்ந்தார். உத்தரவு எங்கே, கப்பப் பாக்கி எங்கே என்று ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பிடித்துக்கொண்டார். தேசிங்கு மனுப் போட்டுக்கொண்டிருக்கவில்லை, குதிரை ஏறினார். கதைப்பாடல்காரர்களுக்கு அருமையான கதை கிடைத்தது, அவருக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. இதே கோட்டைக்கு வெளியே 1690 முதல் எட்டு வருஷம் முகாம் போட்டிருந்தவர் மொகலாயத் தளபதி சுல்பிகார் கான். மேலதிகாரி ஔரங்கசீப், லேசில் யாரையும் நம்பாத ஆள். ஒத்தாசைக்கென்று தன் மகன் காம்பக்ஷை அனுப்பிவைத்தார். எதிரியோடு ரகசியப் பேச்சு நடத்துகிறார் என்று சொல்லி, முதலாளி மகனையே காவலில் வைத்து அப்பாவிடம் திருப்பி அனுப்பினார் சுல்பிகார். வேலை போகவில்லை! 1698இல் கோட்டை விழுந்தபோது, பிடிக்கவேண்டிய மராட்டிய மன்னர் ராஜாராம் அதற்கு முன்பே நழுவியிருந்தார். தளபதி வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று அப்போதே ஊர் பேசியது. பேசட்டும். சீட்டில் உட்கார்ந்துகொண்டு சண்டை போடுகிறவரை அசைப்பது கஷ்டம் என்பதுதான் நான் சொல்லவருவது.

நம் நீதிமன்றங்களும் கிட்டத்தட்ட இதையே சொல்கின்றன. சூரத்திலிருந்து உக்காய்க்கு மாற்றப்பட்ட குஜராத் மின்வாரிய ஊழியர் ஒருவர் போய்ச் சேராமல் முறையீட்டை மட்டும் நம்பியிருந்தார். வாரியம் வீட்டுக்கு அனுப்பியது. அது சரிதான் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முறையீடு செய்யலாம்; ஆனால் உத்தரவு ரத்தாகும்வரை, அல்லது நிறுத்திவைக்கப்படும்வரை, கிளம்பித்தான் ஆகவேண்டும். போய்ச் சேர்ந்தால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடாதா என்று ரோஷக்காரர்கள் கேட்பார்கள். பணியேற்பு அறிக்கையில் ‘என் முறையீட்டு உரிமைக்குப் பாதகமின்றி’ என்று நாலு வார்த்தை சேர்த்து எழுத மைச் செலவு அதிகமில்லை. நகலைத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். குதிரையைவிட அந்த ஒப்புகை உபயோகமானது.

அப்படியானால் மேலதிகாரி நினைத்த இடத்துக்கெல்லாம் விரட்டலாமா? விரட்ட முடியாது. வேலைக்காக ஆளை மாற்றலாம்; ஆள்மேல் உள்ள கோபத்துக்காக மாற்றக்கூடாது. போபாலில் இருந்த மத்திய அரசு அதிகாரி ஒருவர்மேல் மொட்டைக் கடிதம் வந்தது. விசாரணையில் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் ஷில்லாங்குக்குத் தூக்கி அடித்தார்கள். தண்டனைக்குப் பதிலாக மாறுதல் கொடுப்பது செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறவர்களுக்கு 1947ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டமே துணை நின்றது. நிர்வாகக் கொள்கை என்ற போர்வையில் கெட்ட எண்ணத்தோடு இடம் மாற்றுவதை, ஐந்தாம் அட்டவணை முறையற்ற நடைமுறைகளில் சேர்த்திருந்தது. (சுல்பிகார் ரசிகர்கள் துள்ளவேண்டாம். வேண்டுமென்றே வேலையை மெதுவாகச் செய்வதும் அதே அட்டவணையில்தான் இருந்தது.)

கெட்ட எண்ணத்தை எப்படி நிரூபிப்பது என்பதுதான் உருப்படியான ஆட்சேபம். எந்த உத்தரவிலும் ‘இவன் மூஞ்சி எனக்குப் பிடிக்கவில்லை’ என்று எழுதியிருக்காது. ‘நிர்வாக நலன் கருதி’ என்றுதான் இருக்கும். மனதுக்குள் புகுந்து பார்க்க நீதிபதிக்கும் வழியில்லை. வெறும் சந்தேகத்தை அவர் ஏற்கவும் மாட்டார். அதனால் தேதிகளைப் பார்க்கவேண்டும். ஓவர்டைம் கேட்டது எப்போது, உத்தரவு வந்தது எப்போது, காலியான இடத்துக்கு யாரைப் போட்டார்கள், சீனியாரிட்டியில் தாண்டப்பட்டவர்கள் யார் என்று வரிசைப்படுத்தினால் கதை தானாக வெளிவரும். இதில் வாய்ச்சவடால் மேனேஜர்கள் செய்யும் உபகாரம் கொஞ்சமல்ல. ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று பத்துப் பேர் முன்னால் கத்துகிறவர், பத்துச் சாட்சிகளைத் தம் செலவில் ஏற்பாடு செய்து தருகிறார். சிரித்துக்கொண்டே டீ வாங்கிக்கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். அவருடைய வக்கீலும் சிரித்த முகமாகத்தான் இருப்பார்.