மாட்டுக்குக் கொம்பு எங்கே இருக்கு?

ஏம்பா பேராண்டி, நீ படம் போடக் கத்துக்கிறேன்னு ஊரெல்லாம் பேச்சா கெடக்கு. வில்லியனூர் பஸ்ஸுல கூடக் காதுல விழுந்துச்சு. நல்ல காரியம்தான். நாப்பத்தெட்டு கலர் டப்பா, ஒரு கத்தை பிரஷ்ஷு, மரத்துல ஸ்டாண்டு, தலைக்கு ஒரு தொப்பின்னு வாங்கி அடுக்கியிருக்கியாமே. தொப்பி எதுக்குன்னுதான் எனக்கு வெளங்கலை. மண்டை காஞ்சி போற அளவுக்கு நீ வெயில்ல ஒக்காந்து வரைஞ்சதா யாரும் சொல்லலை.

காட்டுடா பாக்கலாம்னு கேட்டா ஒரு மாட்டை வரைஞ்சி நீட்டுறே. அழகான மாடுதான், இல்லேங்கலை. காதுக்குக் கீழ கொம்பு மொளைச்சிருக்கு. பின்னங்காலு நம்ம முட்டிக்காலாட்டம் முன்பக்கமா மடங்கியிருக்கு. காளையா பசுவான்னு கேட்டா, "கறவை மாடு தாத்தா"ங்கிறே. மடி எங்கடா? உங்கப்பன் பால் கறந்து சொசைட்டியில ஊத்தித்தான் உன்னை டிகிரி படிக்க வச்சான். அந்த மாடு இன்னும் வாசல்லதான் கட்டிக் கெடக்கு. நீ என்னடான்னா போனுல எவனோ ஒரு வெள்ளைக்காரன் சொல்லித் தந்த மாட்டை வரைஞ்சேங்கிறே. அவன் ஊரு மாட்டுக்கும் கொம்பு மேலதான் இருக்கும், நீதான் அங்கேயும் சரியா பாக்கலை.

இப்போ தொழுவத்துக்குப் போ. கொம்புக்குக் கீழ, கொஞ்சம் பின்னால தள்ளி, பக்கவாட்டுல நீட்டிக்கினு இருக்கும் காது. பின்னங்காலு நடுவுல பின்பக்கமா துருத்திக்கினு ஒரு மூட்டு தெரியுதே, அது முட்டி இல்லை. நம்ம குதிகாலு இருக்குதே, அதுக்குச் சமானம். அசல் முட்டி மேல வயித்தோரமா ஒளிஞ்சிருக்கு. படுத்த மாடு எழுந்திருக்கிறப்போ பின்பக்கத்தைத்தான் மொதல்ல தூக்கும். இதெல்லாம் எனக்கு எந்த ஓவியன் சொல்லித் தந்தான்? சாணி அள்ளினவனுக்குத் தெரியும்.

படம் போட ஆரம்பிக்கிற எல்லாருக்கும் வர்ற வியாதிதான் இது. ஒண்ணாங்கிளாஸ் புத்தகத்துல பாத்த மாடு மண்டைக்குள்ள படுத்திருக்கு. எதிர்ல நெசமாடு நின்னாலும் கை அதைத்தான் எழுப்பிக்கினு வருது. மனுசன் மூஞ்சியும் அப்படித்தான் போடுறே. கண்ணை நெத்தியில ஏத்தி வச்சிருக்கே. உச்சந்தலையில இருந்து தாடை வரைக்கும் அளந்தா கண்ணு ஏறக்குறைய சரிபாதியில இருக்கும். நம்பிக்கை இல்லேன்னா உங்கம்மா தூங்குறப்போ அளந்து பாரு. முழிச்சிக்கினா நான் சொன்னேன்னு சொல்லிடாதே.

அளக்கறதுக்கு ஸ்கேலு வேணாம். பென்சிலைப் புடிச்ச கையை மடக்காம நீட்டு, ஒரு கண்ணை மூடிக்கோ. பென்சில் நுனியை மாட்டுத் தலையோட மேல்விளிம்புல வச்சி, கீழ்விளிம்புக்குக் கட்டைவிரலை நகர்த்து. அதான் உன் அளவு. ஒடம்பு அதுல எத்தனை தலை நீளம்னு எண்ணு. கையை மட்டும் மடக்கினே, கணக்கு பூரா கெட்டுப் போச்சு. நேர்குத்து வேணும்னா கொத்தனார்கிட்ட இருக்கிற தூக்குக்குண்டைக் கேளு. ஒரு நூல்ல கல்லைக் கட்டித் தொங்கவிட்டாலும் போதும். மூக்குக்கு நேர் கீழ எந்தக் கொளம்பு வருதுன்னு அது காட்டிக் குடுத்துடும்.

சாமானை என்ன பண்றதுன்னு கேக்கிறியா? ஸ்டாண்டுல துண்டு காயப் போடு, உங்கம்மா சந்தோசப்படுவா. உனக்கு இப்போதைக்கு ஒரு கோடு போடாத நோட்டு, ஒரு 2பி பென்சில், கருக்கலுக்கு ஒரு 6பி. ரப்பரை மட்டும் என்கிட்ட குடுத்துடு. நீ கோடு போடறதை விட அழிக்கிறதுதான் அதிகம், காகிதம் நைஞ்சி கெடக்கு. தப்புக் கோட்டை அப்படியே விட்டுட்டுப் பக்கத்துல சரிக்கோட்டைப் போடு. எங்கே தப்பினேன்னு நாளைக்குப் பாக்கறதுக்குக் கண்ணெதிர்ல இருக்கும்.

கோடுன்னதும் ஞாபகம் வருது. மார்கழியில உங்க ஆயா கோலம் போடறதைப் பாத்திருக்கியா? விடியக்காலையில நீ எங்கே எழுந்திருச்சே. குனிஞ்ச கிழவி, பல்லு இல்லை, கண்ணுல புரை. பதினஞ்சி புள்ளி வச்சி சிக்குக் கோலத்தை ஒரே இழுப்புல கொண்டு வந்து தொடங்கின எடத்துல சேக்கிறா. எப்படி? மணிக்கட்டை ஆட்டறதில்லை, தோளுல இருந்து மொத்தக் கையும் நகருது. நீ பென்சிலை நுனியில புடிச்சி விரலை மட்டும் நோண்டுறே, அதான் கோடு புழுவாட்டம் நெளியுது. பெரிய காகிதத்துல, எழுந்து நின்னு, தோளைச் சுழட்டி வட்டம் போடு. அப்புறம் கெழவி வைக்கிற புள்ளி இருக்கே, அதுவும் சும்மா இல்லை. கட்டம் போட்டு அளவு பிரிக்கிற வேலைதான் அது. ஃப்ளெக்ஸ் வர்றதுக்கு மின்ன கட்சிக்காரன் தலையை ஆளுயரத்துக்கு எழுதின போர்டு ஆர்ட்டிஸ்ட்டெல்லாம் சின்ன போட்டோ மேல கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிசா தட்டியில போட்டுத்தான் எழுதினாங்க. அதுல வெக்கம் ஒண்ணும் இல்லை.

பாகூர்க்காரன்னு பீத்திக்கிறியே, மூலநாதர் கோயிலுக்குள்ள எப்போ போனே? பரீட்சைக்கு மொத நாளு. சோழர் காலத்துக் கோயிலுப்பா அது. கீழ்ப்பகுதியில சின்னச் சின்னச் சிற்பமா வரிசை கட்டி நிக்குது, ஒரு சாணுக்குள்ள ஆட்டமும் கூத்தும். மாடு வாலை ஆட்டும், ஆடு ஓடும், கல்லு எங்கேயும் போகாது. ஆரம்பிக்கிறவனுக்கு இதை விடப் பொறுமையான ஆளு கெடைக்க மாட்டான். காலையில ஒரு பக்கமா வெயில் விழறப்போ போ. எது மேடு, எது பள்ளம்னு நெழலே சொல்லும். உச்சி வெயில்ல போனா ஒண்ணும் தெரியாது, சாமி கூட தூங்கப் போயிருக்கும். ஆனந்த விகடன்ல 'தென்னாட்டுச் செல்வங்கள்'னு வந்துச்சு, கேள்விப்பட்டிருக்கியா? பி.எம். சீனிவாசன்ங்கிறவரு கோயில் கோயிலாப் போயி, செலைக்கு எதிர்ல ஒக்காந்து வரைஞ்சாரு. அவருக்கு 'சில்பி'ன்னு பேரு வச்சது ஓவியர் மாலி. இன்னிக்கும் அந்தப் படத்தைப் பாத்தா கல்லோட சொரசொரப்பு தெரியும், எல்லாம் வெறும் பேனாக் கோடு.

புதுச்சேரிக் கல்லூரியில வாத்தியாரா இருந்த ழுவோ-துப்ரேய்னு ஒரு பிரெஞ்சுக்காரன், 1931-ல காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போயி, சுண்ணாம்புப் பூச்சுக்குள்ள பல்லவர் காலத்து ஓவியம் ஒளிஞ்சிருக்கிறதைக் கண்டுபுடிச்சான். அவன் படிச்சவன், கண்டுபுடிச்சான். நீ போயிப் பாரு போதும். கலர் உதிர்ந்து போன எடத்துலயும் கோடு நிக்கும். ஆயிரத்து முந்நூறு வருசம் ஆச்சு. உன் நாப்பத்தெட்டு கலரையும் உள்ளே வையின்னு ஏன் சொல்றேன்னு அங்கே போனா புரியும்.

சரி, கலர் போட்டே ஆகணும்னு அடம் புடிக்கிறே. பாகூரு புதுச்சேரிக்கே நெற்களஞ்சியம். நீ வயலு வரைஞ்சா டப்பாவுல இருக்கிற பச்சையை அப்படியே பிதுக்கி அப்பிடுறே. நாத்தங்காலு மஞ்சள் கலந்த பச்சை. நட்டுப் புடிச்சி, உரம் போட்ட பயிரு கருகருன்னு இருக்கும். கதிர் வாங்கிச் சாஞ்சா பொன்னு. தூரத்துப் பனைமரம் பச்சையே இல்லை, வெளிறிப் போன நீலம். நீலத்தையும் மஞ்சளையும் நீயே கொழைச்சிப் பாரு. ரொம்பப் பளபளன்னு வந்தா ஒரு துளி சிவப்பு விடு, அடங்கும். மூணு கலர் போதும், மிச்சத்தைத் தங்கச்சிக்குக் குடு.

அந்தக் கொக்கை என்ன பண்ணி வச்சிருக்கே! பாகூர் ஏரியில கொக்குக்குப் பஞ்சமா? பச்சையெல்லாம் பூசி முடிச்சிட்டு அது மேல வெள்ளையை அப்பியிருக்கே, சாம்பல் பூசின காக்காவா வந்திருக்கு. தண்ணிக் கலர்ல வெள்ளைங்கிறது காகிதம்தான். கொக்கு நிக்கிற எடத்தை மொதல்லயே விட்டு வையி, சுத்திப் பூசு. வெளிச்சமா இருக்கிறது மொதல்ல, கருக்கல் கடைசியில. நடுவுல காய விடு, அவசரப்பட்டா ஓடிக் கலந்துடும். காகிதம் அப்பளமா சுருட்டிக்குதேன்னு அழாதே, பள்ளிக்கூட நோட்டுல தண்ணியை ஊத்தினா வேற என்ன பண்ணும்? அதுக்குன்னு 300 ஜிஎஸ்எம் கெட்டிக் காகிதம் விக்குது. நீ வாங்கின கொள்ளை சாமான்ல அதை மட்டும் வாங்கலை பாரு.

ஒருநாள் களிமண்ணையும் தொட்டுப் பாரு. வில்லியனூர் சுடுமண் பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருக்கு. அந்த வேலைக்கு வி.கே. முனுசாமி 2020-ல பத்மஸ்ரீ வாங்கினாரு. காகிதத்துல மாட்டுக்கு ஒரு பக்கம் போட்டாத் தப்பிச்சிக்கலாம். மண்ணுல பண்ணா பின்பக்கமும் பண்ணியாகணும், அங்கே உன் பாச்சா பலிக்காது. ஒரு தடவை விரலால வயித்தை உருட்டிப் பாத்தவன் அப்புறம் நெழலை எங்கே போடணும்னு என்கிட்ட வந்து கேக்க மாட்டான்.

பாரீசுல இருக்கிற உன் மாமன் மவன் அந்தக் கொம்பு மாறின மாட்டுக்கு லைக் போட்டானாமே. அவன் மாட்டைப் பாத்து இருபது வருசம் ஆச்சு. கூட பதினெட்டு பேரு சூப்பர்னு எழுதியிருக்காங்க. அத்தனை பேருல ஒருத்தன் கூட பால் கறக்கறவன் இல்லை. உனக்குக் குத்தம் சொல்ல ஆளு வேணும்னா அரியாங்குப்பத்துல பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கு, ஓவியத்துக்குப் பட்டமே தராங்க. அங்கே படிக்கிற பசங்க யாரையாவது டீக்கடைக்குக் கூப்பிட்டு நோட்டை நீட்டு, டீ உன் செலவு. இல்லேன்னா என்கிட்ட வா, இலவசமாவே திட்டுறேன்.

ஒரே மாட்டைத் திரும்பத் திரும்பவா தாத்தான்னு மூஞ்சியைச் சுளிக்காதே. ஆதிமூலம்னு ஒருத்தர், கி.ராஜநாராயணன் எழுத்துக்கெல்லாம் கோட்டோவியம் போட்டவரு, 1969-ல காந்தி நூற்றாண்டுக்கு அந்த ஒரே பொக்கை வாயை வரைஞ்சி வரைஞ்சித் தள்ளினாரு. அவருக்கே அலுக்கலை. உனக்கு ரெண்டாவது மாட்டுலயே கொட்டாவி வருது.

நாளைக்குக் காலையில பால் கறக்கிற நேரத்துக்குத் தொழுவத்துல ஒக்காரு. கறந்து முடிக்கிறதுக்குள்ள ஒரு மாடு, அவ்வளவுதான், நல்லா இருக்கோ இல்லையோ. தேதியை ஓரத்துல எழுது, ஒரு பக்கத்தையும் கிழிக்காதே. நோட்டு முடிஞ்சதும் மொதப் பக்கத்தைத் தெறந்து பாரு. உனக்கே சிரிப்பு வந்தா தேறிட்டே. வரலைன்னா இன்னொரு நோட்டு வாங்கு.

தொப்பியை எனக்குக் குடுத்துடு, களை எடுக்கப் போறப்போ ஆவும்.