தலை எண்ணும் தலைவர்

வகுப்புக்கு ஒருவர் இப்படி இருப்பார். படிப்பில் முதல் பெஞ்சும் இல்லை, கடைசி பெஞ்சும் இல்லை. ஓட்டுப் போட்டு யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. 'எங்கயாச்சும் ஒரு நாள் போலாமாடா?' என்று எவனோ பெருமூச்சு விட்ட மறு நிமிடம், வாட்ஸ்ஆப்பில் ஒரு குரூப் தொடங்கி அட்மினாக அமர்ந்துவிடுவார். டூர் ரெப் எனப்படும் இந்தப் பிறவியை, கூடப் போகும் வாத்தியார் என்ற முறையில் பல ஊர்களில் கவனித்திருக்கிறேன். அவருடைய குணங்கள் முழுசாக மலர்வது ஜவ்வாது மலையில்தான்.

முதல் பேச்சு என்னவோ கடல்தான். திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் புதுச்சேரி. வகுப்பே கை தூக்கும். கடல் என்றதும் பிரின்ஸிபாலின் பேனா மூடிக்கொள்ளும். புதுச்சேரி என்றதும் அப்பாக்களின் முகம் மாறிவிடும். அப்போதுதான் ரெப் மலையைக் கண்டுபிடிப்பார். அனுமதிக் கடிதத்தில் 'கல்விச் சுற்றுலா: வைணு பாப்பு வானாய்வகம், காவலூர்' என்று கொட்டை எழுத்தில் எழுதுவார். விஞ்ஞானம் என்றால் கையெழுத்து தானாக விழும். போகிறவர்கள் பி.காம். என்பதை யாரும் கவனிப்பதில்லை.

அடுத்தது வசூல். தலைக்கு 650 ரூபாய். 'நாளைக்குப் போட்டுடறேன் மச்சான்' என்பவர்களின் பெயர்களை குரூப்பில் தினமும் ஏற்றி, பின்னால் ஒரு கும்பிடு பொம்மையும் வைப்பார். உண்மையான கணக்கு, பெண்கள் தரப்பில் ஒருத்தியின் நாற்பது பக்க நோட்டில் இருக்கும். அவளுக்குப் பட்டம் எதுவும் கிடையாது. 'அவளும் ஹெல்ப் பண்ணா சார்' என்பதோடு சரி.

திட்டம் மட்டும் முழுக்க அவருடையது. காலையில் அமிர்தி, பதினொன்றுக்கு பீமன் அருவி, மதியம் கோலப்பன் ஏரியில் படகு, மூன்றுக்குக் காவலூர், ஐந்துக்கு ஏலகிரி, எட்டுக்கு ஹாஸ்டல். இதைக் கையில் வாங்கிப் பார்த்த பஸ் டிரைவர் சொன்னது: 'தம்பி, மேப்புல மலை படுத்துக்கினு இருக்கும். நேர்ல நின்னுக்கினு இருக்கும்.' அமிர்தியும் ஏலகிரியும் அந்த இடத்திலேயே கழன்றுகொண்டன.

போளூரைத் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும், ஒரு பையில் எலுமிச்சம்பழமும் இன்னொரு பையில் பாலிதீன் கவருமாக ரெப் நடைபாதையில் உலா வருவார். யாருக்கு எது முதலில் தேவைப்படும் என்பது அவருக்கு முகத்தைப் பார்த்தே தெரியும். சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வரும். பஸ் ஏற ஏற, போனில் சிக்னல் இறங்கும். அட்மின் பதவி நாலாவது வளைவிலேயே போய்விடும். அதன்பிறகு அவர் தொண்டையை நம்பித்தான் ஆட்சி. தொண்டைக்கு எதிரே குத்துப்பாட்டு.

ஜமுனாமரத்தூரின் கோலப்பன் ஏரியில் எல்லோரும் படகில் மிதிப்பார்கள். ரெப் கரையில் நின்று பதினேழு செல்போன், ஒன்பது கைப்பை, யாருடையதென்று தெரியாத ஒரு ஜோடி செருப்பு ஆகியவற்றைக் காவல் காப்பார். பீமன் அருவியில் இன்னும் மோசம். மழை முடிந்த கையோடு போனால் அது பீமன்தான். நாங்கள் போனது மார்ச். நகுலன் அளவுக்குக்கூட இல்லை. 'இன்ஸ்டாவுல தண்ணி இருந்துச்சு மச்சான்' என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார், குழாயை மூடிவைத்ததே அவர்தான் என்பதுபோல.

அங்கிருந்து கிளம்பும்போது தலை எண்ணினார். மொத்தம் 52 பேர், வந்தது 51. மறுபடி எண்ணினார், 51தான். பாறைப் பக்கம் நாலு பேரை ஓடவிட்டார். எனக்கே வயிற்றைப் பிசைந்தது. நோட்டுக்காரிதான் கடைசியில் விரலை நீட்டி, 'உன்னை எண்ணுனியா?' என்று கேட்டாள். வீரமாமுனிவர் பரமார்த்த குருவின் சீடர்களை ஆற்றைக் கடக்கவிட்டு எண்ணவைத்தாரே, அவர்கள் ஒழிந்து போனார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு இன்னொரு சோகம். சாமைக்கும் தேனுக்கும் பேர்போன மலையில் உட்கார்ந்துகொண்டு, விடியற்காலை கீழே கட்டிவந்த எலுமிச்சைச் சோற்றைப் பொட்டலம் பிரித்துத் தின்றோம். கீழ்ச்செப்பிலியில் பெருங்கற்காலத்துக் கல்வீடுகள் இருக்கின்றன, ஒரு எட்டு பார்க்கலாமா என்று மெல்லக் கேட்டேன். 'ஷெட்யூல்ல இல்ல சார்' என்றார், அந்த ஷெட்யூலில் மிச்சம் ஒன்றுமே இல்லாத நிலையிலும்.

காவலூருக்கு வருவோம். தெளிந்த வானமும் கெடாத இருட்டும் உள்ள இடமாகத் தேடி வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த ஊர் இது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அந்தக் கோளுக்கு வளையம் உண்டு என்பதற்கான தடயம் இங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் பதிவானது. 1988-ல் இங்கே கண்ட சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். பாப்புவின் பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் நிற்கிறது. இருட்டுக்காகவே பிறந்த அந்த வளாகத்தின் வாசலில், பச்சையும் சிவப்புமாகச் சீரியல் பல்பு மின்ன, எங்கள் பஸ் மாலை நாலு மணிக்குப் போய் நின்றது.

சனிக்கிழமை என்பதால் வேறு ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்கள் இருட்டும்வரை காத்திருக்க வந்தவர்கள். கையில் ஸ்வெட்டர் இருந்தது. எங்கள் பையன் ஒருவன் 'இதுல ஜூம் எவ்ளோ சார்?' என்று கேட்டான். கேள்வி மோசமில்லை. இருட்டினதும் வானம் தெளிவாக இருந்தால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. மிச்ச 51 முகங்களும் ரெப்பை நோக்கித் திரும்பின. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். 'லேடீஸ் ஹாஸ்டல் கேட் எட்டு மணிக்கு சார்.' யுரேனஸ் வரை எட்டிய கண்ணாடி, வார்டனின் கேட்டிடம் தோற்றது. நான் வார்டனுக்குப் போன் போட்டிருக்கலாம் என்பீர்கள். சிக்னல் இல்லை.

ஆலங்காயம் பக்கம் இறங்கத் தயாரானோம். கடைசிக் கணக்கெடுப்பு. ஒவ்வொரு சீட்டாகத் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனவர், பின்வரிசையை அடைந்ததும் கட்டைவிரலைத் தூக்கினார். 'அம்பத்திரெண்டு! ரைட் போலாம்ண்ணா!' சாயங்காலச் சந்தோஷம் முகத்தில் ததும்பியது.

எனக்கு மட்டும் ஏதோ இடித்தது. பின்வரிசை ஓரத்தில், இரண்டு புளி மூட்டைக்கு நடுவே, வெள்ளைத் துண்டு போட்ட பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். ஆலங்காயம் வரைக்கும் டிரைவர் ஏற்றிவந்தவராம். ரெப் இந்த முறையும் தன்னை எண்ணவில்லை. அவர் இடத்தைப் பெரியவர் நிரப்பிவிட்டார். கணக்கு அப்பழுக்கில்லாமல் சரி. நோட்டுக்காரி என்னைப் பார்த்தாள். இருவருமே வாயைத் திறக்கவில்லை.

ரெப் களைத்துப்போய்ப் பெரியவர் பக்கத்தில் மூட்டைமேல் சாய்ந்தார்.

'மேல எல்லாம் சுத்திப் பாத்தீங்களா தம்பி?' என்றார் பெரியவர். 'இன்னா பாத்தீங்க?'

'எல்லாரும் வந்துட்டாங்க தாத்தா' என்றார் ரெப்.